பாறையடியில் ஒரு பிடி அரிசி

மலைக்கு ஆள் கூட்டிப் போகும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம். நேரில் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நடப்பதற்கே வழியில் ஒரு தடவை உட்கார வேண்டியிருக்கிறது. அதனால் எழுதி அனுப்புகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

கயிறு போடுவது, மழையில் நெருப்பு மூட்டுவது, பிரம்பு வெட்டுவது, ஆற்றைக் கடப்பது இதெல்லாம் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு நாளைப் பற்றி. அந்த நாளை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்த மலையில் நடந்திருக்கிறேன், யாரையும் சாகக் கொடுத்ததில்லை, அதற்கு முருகனுக்கு நன்றி. ஆனால் ஒருவனை முழுசாகத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

அது வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம். ஜாசினுக்கு அந்தப் பக்கம், லேடாங் மலையடியில் எங்கள் தோட்டம். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. காலையில் கேட் திறந்தால்தான் ரப்பர் மரம் சீவப் போகலாம். போகிறவன் மதியச் சோறு கொண்டுபோகக் கூடாது. வேலை முடித்துத் திரும்பி வந்துதான் வாயில் எதுவும் போட வேண்டும். கடையில் மீன் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஆணியை வைத்து ஓட்டை போட்டுத்தான் தருவார். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று இவ்வளவும். வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசியோடு பிடிபட்டால் ஜெயில். சிலரைக் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றியதும் உண்டு. என்னைப்போல இங்கேயே பிறந்தவனுக்கு அங்கே யாரைத் தெரியும்?

இப்படிப்பட்ட காலத்தில் மலை ஏற யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்துரைக்கு அந்தப் பைத்தியம் இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் நிற்காது. போலீஸில் சொல்லி ஒரு பெர்மிட் வாங்கி வைத்திருந்தார். உச்சிக்குப் போகக் கூடாது, இரண்டாவது அருவி வரைதான். காலை ஏழுக்குப் போய் மாலை நாலுக்குள் கேட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். நாலுக்கு மேல் காட்டோரம் எது அசைந்தாலும் சுடுவார்கள். பெர்மிட்டில் எழுதியபடி ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டி. அவ்வளவுதான்.

வழி காட்ட நானும் மருதையும். மருதை என் வயதுக்காரன், பக்கத்து வீடு, பக்கத்து நிரை மரம் சீவுகிறவன். சண்டை போட்டாலும் அவனோடுதான், சிரித்தாலும் அவனோடுதான். எனக்குக் கண் கூர்மை, அவனுக்குக் காது. மூடுபனியில் நின்று ஒரு நிமிஷம் கேட்டால் ஆறு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவான். அவன் சொல்லித் தப்பாகி நான் பார்த்ததில்லை.

மலையில் கால் வைப்பதற்கு முன்னால் ஒரு பெரிய பாறை. அதனடியில் எங்கள் ஆட்கள் ஒரு சூலத்தை நட்டு முனியாண்டியை வைத்திருந்தார்கள். முன்னெல்லாம் மலைக்குப் போகிறவன் ஒரு இலையில் ஒரு பிடி அரிசி, வாழைப்பழம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் ஏறுவான். கட்டுப்பாடு வந்தபிறகு அரிசி நின்றுபோனது. வெறும் கற்பூரம்தான். அதற்குப் பிறகு ஒரு தடவை, துரையோடு வந்த வங்கிக் குமாஸ்தா ஒருவரைக் குளவி கொட்டி, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, இரண்டு நாள் பேச்சே இல்லை. என் மனசில் விழுந்துவிட்டது. வீட்டுக்காரியும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அவரு எல்லையில நடக்கிறீங்க, அவருக்கு ஒண்ணும் குடுக்காம வெறுங்கையோட போறீங்க. எனக்கு வேற எட்டு மாசம். எதாச்சும் ஆச்சுன்னா?"

அவளே ரேஷன் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் துணியில் முடிந்து கொடுத்தாள். நான் அதைத் தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டினேன். கேட்டில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள், சட்டையைத் தடவிப் பார்த்தார்கள். தலைப்பாகையை யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

மருதையிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவான் என்று பயம். பாறை வந்ததும் அவனும் துரையும் முன்னால் போனார்கள். நான் பின்னால் நின்று, ஒரு இலையைக் கிள்ளிப் பாறைக்கு அடியில் மழை படாத இடமாகப் பார்த்து அரிசியை வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பறவை தின்றுவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று கணக்குப் போட்டேன். அன்று எட்டரைக்கே தூற ஆரம்பித்துவிட்டது. மழையில் எந்தப் பறவை இறங்கும்? அரிசி வைத்த இடத்திலேயே, நனையாமல் இருந்தது.

அன்று துரையோடு மலாக்கா டவுனிலிருந்து ஒரு வாத்தியாரும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆங்கிலப் பள்ளியில் வேலை, கொஞ்சம் கனத்த உடம்பு. செடி கொடியெல்லாம் பெயர் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவார். இரண்டாவது அருவிப் பக்கம் பாசிப் பாறையில் கால் வழுக்கி விழுந்தார். நாங்கள் ஓடிப்போய் நிமிர்த்தும்போதே கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

மணி ஒன்று தாண்டிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரத்தில் இறங்குகிற வழி, ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் நாலு மணி நேரம். அதாவது ஐந்து மணி. நாலுக்கு மேல் சுடுவார்கள்.

நான்தான் முடிவு செய்தேன். "மருதை, நீ முன்னால ஓடு. கேட்ல சொல்லு. வாத்தியாருக்குக் கால் போச்சு, நாங்க வர லேட்டாகும், சுட்டுறாதீங்கன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தூக்கினா சீக்கிரம் போயிரலாம்லடா. நான் போயிட்டா துரையா தூக்குவாரு? அவரத் தூக்கவே ஒரு ஆளு வேணும்."

துரைக்குத் தமிழ் நன்றாகவே புரியும். "நான் தூக்கும் மேன். நீ ஓடு" என்றார். அந்த மழையிலும் வாத்தியார்கூடச் சிரித்தார்.

கூட வந்தவர்களைப் பிரிக்காதே என்று உங்களுக்குப் பாடம் சொல்லியிருப்பார்கள். அன்று நான் பிரித்தேன். அது சரியா தப்பா என்று பலபேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மறுபடி அந்த இடத்தில் நின்றாலும் அதையேதான் செய்வேன். என் தப்பு அதற்கு அடுத்த நிமிஷத்தில் நடந்தது. மருதை கிளம்பும்போது பாறையடி அரிசி எனக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் துரை நிற்கிறார். அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும்? வாயை மூடிக்கொண்டேன். அவனும் போய்விட்டான்.

என் கைலியை இரண்டாகக் கிழித்து, பிரம்பை வளைத்துக் கட்டி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி வாத்தியாரை முதுகில் கட்டிக்கொண்டேன். துரை பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். இரண்டு தடவை அவரும் வழுக்கி விழுந்தார், முணுமுணுக்கவில்லை.

"தம்பி, நான் பாரம் கூடின ஆள். உமக்கு முதுகு முறிஞ்சு போகும். கொஞ்சம் இறக்கி விடும்."

"இறக்கினா மறுபடி தூக்க முடியாதுங்க ஐயா. பேசாம வாங்க."

"பேசாமல் இருந்தால் நோ கூடுது. எதாவது கதையும்."

நான் எதைப் பேச? மனசுக்குள் முனியாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினேன். அரிசி வைத்தேனே சாமி, பார்த்துக்கொள் என்று. அன்று அதை நினைத்தது இன்றைக்கும் என்னவோ போல இருக்கிறது.

நாலரை இருக்கும். பாறை தெரிந்தது. பாறையைச் சுற்றி ஏழெட்டு சிப்பாய்கள், ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஒரு மலாய்ப் போலீஸ்காரர். நடுவில் மருதை, தலைமேல் இரண்டு கையையும் வைத்துக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் தரையில் அவனுடைய துண்டு விரித்திருந்தது. அதில் என் அரிசி.

நடந்ததை அவன் பிற்பாடு சொல்லித் தெரிந்துகொண்டேன். ஓடி வந்தவன் கண்ணில் இலை பட்டிருக்கிறது. நின்றுவிட்டான். அங்கே வேறு யாரும் வருவதில்லை, யார் வைத்தது என்று அவனுக்குத் தெரிந்துபோனது. பார்க்காத மாதிரி ஓடியிருந்தால் அவனுக்கு ஒன்றுமே இல்லை. எனக்காக அதை அள்ளித் துண்டில் போட்டு ஆற்றில் கொட்டிவிடலாம் என்று குனிந்திருக்கிறான். அந்த நேரத்தில் ரோந்து வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். நாங்கள் பின்னால் வருகிறோம் என்று அவன் சொல்லிவிட்டதால், சுடாமல் அங்கேயே எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

"சியாப்பா பூஞா?" யாருடையது என்று போலீஸ்காரர் மருதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் தமிழில், "டேய், நீ வாத்தியார் காலப் பாரு. வேற எதையும் பாக்காத" என்றான்.

துரை என் தோளில் கைவைத்து, "நீ பேசாது. நான் பேசும்" என்றார். அதிகாரியை ஒரு ஓரமாகக் கூட்டிப்போய் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்.

நான் நின்றேன். வாத்தியார் என் முதுகில். இப்போது நான் மாட்டிக்கொண்டால் இவரை யார் தூக்குவது? வீட்டில் அவள் எட்டு மாசம். துரை பேசிக்கொண்டிருக்கிறாரே, அவர் பேசினால் ஆகாதா? எல்லாமே நல்ல காரணம்தான், பிள்ளைகளே. அந்த மாதிரி நேரத்தில் நல்ல காரணத்துக்குப் பஞ்சமே இருக்காது, கூப்பிடாமலேயே வரிசையாக வந்து நிற்கும். இருபது எண்ணுகிற நேரம் இருக்கும், நான் பேசாமல் நின்றது.

போலீஸ்காரர் மறுபடி கேட்டார். மருதை தலையைத் திருப்பிப் பாறையைக் காட்டி, "சாமி, சாமி" என்றான். பக்கத்தில் நின்ற சிப்பாய்க்கு அது கேலியாகப் பட்டதோ என்னவோ. துப்பாக்கிக் கட்டையால் இடது காதோடு சேர்த்து ஒரு அடி. மருதை பக்கவாட்டில் சாய்ந்தான். 

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "துவான், அது என்னுது. சாயா பூஞா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

முதுகிலிருந்து வாத்தியார் என் காதோரம், "தம்பி, யோசிச்சுத்தான் கதைக்கிறீரோ?" என்றார்.

"யோசிச்சதுனாலதான் ஐயா இவ்வளவு நேரமாச்சு."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அந்த வலியோடு, என் முதுகிலிருந்தபடியே, அதிகாரியைக் கூப்பிட்டு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். இது இந்த ஆட்கள் சாமிக்கு வைக்கிறது, காட்டுக்காரனுக்கு இல்லை என்று. அதிகாரி நம்பின மாதிரியும் இல்லை, நம்பாத மாதிரியும் இல்லை. தலைப்பாகையை அவிழ்க்கச் சொன்னார். மடிப்பில் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தது. சரி, இவனை லாரியில் ஏற்று, அவனை விடு என்றார்.

என் முதுகிலிருந்து வாத்தியாரை மருதை தன் முதுகுக்கு வாங்கிக்கொண்டான். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கிச் சட்டைக்குள் போகிறது. "ஏய் மருதை, நீ வேணாம்டா" என்றேன். "பின்ன யாரு, துரையா?" என்றான். அதே கேலியை மறுபடி சொல்ல வந்தவன் பாதியிலேயே நிறுத்திவிட்டான். தூக்கிக்கொண்டு நடந்தான். என்னை லாரியில் ஏற்றினார்கள்.

மூன்று வாரம் உள்ளே இருந்தேன். துரையும் வாத்தியாரும் எழுதிக் கொடுத்ததால் கப்பலுக்குத் தப்பித்தேன். ஆனால் என்னால் எங்கள் லயத்துக்கே ஒரு வாரம் அரிசியைக் குறைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள்: "ஒம் புருஷன் வச்ச அரிசிய முனியாண்டி தின்னாரா? எங்க புள்ளைங்கதான் தின்னல." அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். உள்ளே இருக்கும்போதுதான் மகன் பிறந்தான்.

மருதைக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருந்து ஊற்றிப் பார்த்தார். இடது காது போனது போனதுதான். நான் வெளியே வந்து சில மாதம் கழித்து, துரை கேட்டதற்காக மறுபடி மலைக்குப் போனோம். பாதி வழியில் மூடுபனி இறங்கியது. எப்போதும்போல மருதை நின்று கேட்டான். வெகுநேரம் நின்றான். ஒரு பக்கக் காதுக்கு எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும், தெரியுமா உங்களுக்கு? எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆறு கீழே இடது கைப்பக்கம். அவன் வலது கையைக் காட்டினான். நான் இடது பக்கம் நடந்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. கீழே இறங்கியதும் காடு வெட்டும் பாராங் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அப்புறம் அவன் மலைக்கு வரவில்லை. ரப்பர் பால் காயவைக்கும் புகைவீட்டில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான்.

சாமியைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்றும் காலையில் விளக்கேற்றாமல் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முனியாண்டி என்னிடம் அரிசி கேட்கவில்லை. என் பயத்துக்கு நான் வைத்தேன். அது குற்றமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கூட நடக்கிறவனிடம் மறைத்தேன் பாருங்கள், அதுதான். உங்கள் பையில் என்ன இருக்கிறது, உடம்பில் என்ன நோவு, மனசில் என்ன பயம் என்று கூட வருகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை வியாதியை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்த வழிகாட்டியைப் பார்த்திருக்கிறேன். டார்ச்சில் பேட்டரி இல்லாததை வெட்கப்பட்டுச் சொல்லாமலிருந்தவனைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் மறைத்ததை மலையில் முதலில் மிதிப்பவன் உங்கள் கூட்டாளிதான். மறைத்தது மறைத்தாகிவிட்டது, ஆள் மாட்டிக்கொண்டான் என்றால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே சொல்லுங்கள். இருபது எண்ணிவிட்டுச் சொல்கிற உண்மைக்கும் பாதி விலைதான்.

இதைவிடப் பெரிய புத்தி என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லாமல் முடித்தால் மருதைக்குச் செய்கிற துரோகம்.

மன்னிப்பு என்று அவனிடம் நான் கேட்கவே இல்லை. பதினான்கு வருடம். தினமும் பார்க்கிறோம், அவன் பிள்ளை என் வீட்டில் சாப்பிடுகிறது, என் மகன் அவன் சைக்கிளில் ஏறிப் பள்ளிக்குப் போகிறான். அந்தப் பேச்சு மட்டும் இல்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவன் குடும்பம் மெர்லிமாவ் பக்கம் போவதென்று முடிவானது. பஸ் ஏற்றிவிட நானும் போனேன். மூட்டை முடிச்சோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் இனிமேல் எப்போது என்று தோன்றியது.  "மருதை, அன்னிக்கு நான் உடனே சொல்லியிருக்கணும்டா. என்ன மன்னிச்சுரு" என்றேன்.

அவன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் பார்த்தேன், நான் உட்கார்ந்திருந்தது அவனுக்கு இடது பக்கம். அவன் காதில் ஒன்றுமே விழவில்லை.

எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். பதினான்கு வருடம் பிடித்த வார்த்தையை ஒரே நிமிஷத்தில் இரண்டாவது தடவை சொன்னேன். இந்தத் தடவை கேட்டது.  மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"நீ நின்னத நான் பாத்தேன்டா. உன் முதுகுல ஆளு இருந்துச்சு. அதுக்கெல்லாம் எனக்குக் கோவம் இல்ல" என்றான். படியில் கால் வைத்தவன் திரும்பினான். "எங்கிட்ட சொல்லாம வச்சே பாரு, அதான். சொல்லியிருந்தா நானும் ஒரு பிடி கொண்டாந்திருப்பேன்ல. எனக்கு மட்டும் சாமி இல்லியா?"